எட்டரைக் கோடிப் புள்ளிகளும் இருபது லட்சம் பிக்சல்களும்: பெரிய தரவை வேகமாக வரைய ஒரு வழிகாட்டி

ஆயிரம் புள்ளிகள் என்றால் எப்படி எழுதினாலும் ஓடிவிடும். லட்சத்தைத் தொட்டதும் ஜூம் செய்யும்போது திரை இழுக்கத் தொடங்கும். கோடி என்று வந்துவிட்டால் பிரவுசர் அப்படியே நின்றுபோகும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா, வேறு லைப்ரரிக்கு மாறலாமா என்பதுதான். இரண்டுமே உதவக்கூடும். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒரு இயந்திரத்தின் அதிர்வை அளக்கும் சென்சார் விநாடிக்கு 1,000 முறை பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 8,64,00,000 பதிவுகள். இதை 1920 × 1080 திரையில் முழு அகலத்துக்கு ஒரு கோட்டு வரைபடமாகப் போடுகிறோம். திரையில் மொத்தம் இருப்பதே 20,73,600 பிக்சல். ஒரு பிக்சல் அகலமுள்ள ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 45,000 பதிவுகள் வந்து சேர்கின்றன. அந்த 45,000 பதிவுகளும் சேர்ந்து கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு செங்குத்துக் கோடு. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியப்போவதில்லை.

ஆகவே வேகமாக வரைவதை யோசிப்பதற்கு முன், எதையெல்லாம் வரையாமல் விடலாம் என்று யோசிக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் செயலியான ஜிபியூவின் முறை அதற்குப் பிறகுதான். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். இதே உதாரணம்தான் கடைசிவரை நம்மோடு வரும்.

படி 1: நேரம் எங்கே போகிறது என்று அளங்கள்

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. அதற்குள் கோப்பைப் படிப்பது, எண்களாக மாற்றுவது, வரைவதற்குத் தயார் செய்வது, ஜிபியூவுக்கு அனுப்புவது, வரைவது என்று ஐந்து வேலைகளில் சிலவாவது நடக்க வேண்டியிருக்கும். 'ரெண்டரிங் மெதுவாக இருக்கிறது' என்று வரும் புகார்களில் பல உண்மையில் ஜேசான் (தரவை எழுத்துகளாக வைக்கும் வடிவம்) கோப்பை எண்களாக மாற்றும் இடத்தில்தான் சிக்கியிருக்கும். பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து ஒரு முறை பதிவு செய்தாலே இது தெரிந்துவிடும்.

வரைதல்தான் தாமதம் என்று உறுதியானால், மூன்று எளிய சோதனைகள்:

- சாளரத்தைக் கால்வாசிப் பரப்புக்குச் சுருக்குங்கள். வேகம் நன்றாகக் கூடினால், பிக்சல்களை நிரப்புவதில் நேரம் போகிறது.
- சாளரத்தை அப்படியே விட்டுப் புள்ளிகளைப் பாதியாக்குங்கள். வேகம் கூடினால் புள்ளிகளின் எண்ணிக்கைதான் சுமை.
- அதே புள்ளிகளைக் குறைவான வரைதல் கட்டளைகளில் அனுப்பிப் பாருங்கள். அப்போது கூடினால், சிக்கல் கணினியின் முதன்மைச் செயலியான சிபியூ பக்கத்தில்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வரைதல் கட்டளைக்கு முன்னும் பின்னும் கடிகாரத்தை வைத்து அளந்தால் மிகச் சிறிய எண் வரும். ஜிபியூ அந்த நேரத்தில் வரைந்து முடித்திருக்காது. கட்டளை வரிசையில் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். 'விநாடிக்கு இத்தனை ஃபிரேம்' என்ற எண்ணையும் முழுதாக நம்பாதீர்கள். திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைந்து ஓடும் நிரலில் 17 மில்லி விநாடி எடுத்த ஃபிரேம் அடுத்த புதுப்பிப்புக்காகக் காத்திருக்கும். பார்ப்பவருக்கு 33 எடுத்தது போலத் தெரியும். அதனால் மில்லி விநாடிக் கணக்கிலேயே பேசுங்கள்.

படி 2: தரவை எண்களின் நீள வரிசையாக வையுங்கள்

ஒவ்வொரு பதிவையும் நேரம், மதிப்பு என்று இரண்டு புலம் கொண்ட ஆப்ஜெக்ட்டாக வைப்பது எழுதுவதற்கு வசதி. எட்டரைக் கோடி ஆப்ஜெக்ட்டுகள் என்றால் மெமரியும் தாங்காது, பயன்படாத மெமரியை விடுவிக்கும் 'குப்பை அள்ளும்' வேலையில் நிரலும் அடிக்கடி நின்று நின்று ஓடும். அதற்குப் பதிலாக, ஒரே வகை எண்களை மட்டும் அடுத்தடுத்து வைக்கும் டைப்டு ஆர்ரே பயன்படுத்துங்கள். பைத்தானில் என்றால் நம்பை ஆர்ரே. மதிப்புகளை 32 பிட் ஃப்ளோட்டாக (தசமப் புள்ளி எண்ணாக) வைத்தால் ஒன்றுக்கு 4 பைட், மொத்தம் 345.6 எம்பி. நம் சென்சார் சீரான இடைவெளியில் பதிவதால் நேரத்தைச் சேமிக்கவே வேண்டாம். தொடக்க நேரமும் வரிசை எண்ணும் போதும். கோப்பையும் ஜேசானுக்குப் பதில் பைனரியாக அனுப்பினால் எண்ணாக மாற்றும் வேலையே இல்லாமல் போகிறது. அட்டவணைத் தரவுக்கு அப்பாச்சி ஆரோ போன்ற வடிவங்கள் இதற்காகவே இருக்கின்றன.

32 பிட் ஃப்ளோட்டில் ஒரு பொறி இருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதில் ஏறக்குறைய 7 தசம இலக்கத் துல்லியம்தான் உண்டு. 1970இலிருந்து மில்லி விநாடியில் எண்ணும் நேரம் இன்று 13 இலக்க எண். அதை அப்படியே 32 பிட்டில் போட்டால் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே 1,31,072 மில்லி விநாடி இடைவெளி விழும். இரண்டு நிமிடத்துக்கும் மேலான பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து, வரைபடம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். நிலவரைபடத்திலும் இதே தொல்லைதான்: 80 டிகிரி தீர்க்கரேகையை 32 பிட்டில் வைத்தால், நில நடுக்கோட்டில் ஒரு படி சுமார் 0.85 மீட்டர். ஆழமாக ஜூம் செய்யும்போது புள்ளிகள் நடுங்கும். தீர்வு சுலபம். 64 பிட்டில் இருக்கும்போதே ஒரு தொடக்கப் புள்ளியைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள சிறிய எண்ணை மட்டும் 32 பிட்டுக்கு மாற்றுங்கள்.

படி 3: குறையுங்கள், ஆனால் பொய் சொல்லாமல்

இந்தப் படியில்தான் பெரிய லாபம் இருக்கிறது. படம் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் கைக்கு வரும் யோசனை, நூறில் ஒரு பதிவை மட்டும் எடுப்பது. அந்த நூறில் ஒரே ஒரு பதிவில் இயந்திரம் குலுங்கியிருந்தால் அது படத்தில் வர 100இல் 1 வாய்ப்புதான். இன்னொரு யோசனை, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சராசரி எடுப்பது. 45,000 பதிவுகளின் சராசரியில் ஒரு குலுக்கல் இருந்த சுவடே இருக்காது. அதிர்வு மேலும் கீழுமாக அலைவதால் சராசரி பூஜ்யத்தை ஒட்டியே போய், இயந்திரம் ஓடவே இல்லை என்பது போன்ற ஒரு நேர்கோடு வரும். படம் வேகமாக வரும், அழகாகவும் இருக்கும். ஆனால் தவறான படம்.

சரியான எளிய முறை: ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் கண்டுபிடித்து, அவற்றுக்கிடையே ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். 8.64 கோடிப் பதிவுகள் 3,840 எண்களாகிவிடும். இதோடு அந்த நெடுவரிசையின் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் சேர்த்துக்கொள்வது எம்4 எனப்படும் முறை. 2014இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. முதலும் கடைசியும் இருப்பதால் பக்கத்து நெடுவரிசைகளை இணைக்கும் கோடுகளும் சரியாக அமைகின்றன. ஆன்டி அலியாசிங் (ஓரங்களை மென்மையாக்குதல்) இல்லாத கோட்டு வரைபடத்தில், முழுத் தரவையும் வரைந்தால் எந்தெந்தப் பிக்சல் நிறையுமோ அதே பிக்சல்கள்தான் இதிலும் நிறையும்.

எல்டிடிபி என்று ஒரு முறையும் அடிக்கடி காதில் விழும். ஸ்வெய்ன் ஸ்டெய்னார்சன் 2013இல் ஐஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வாகச் செய்தது. பக்கத்துப் புள்ளிகளோடு அமையும் முக்கோணத்தின் பரப்பு எங்கே அதிகமோ அந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும். குறைந்த புள்ளிகளில் கோட்டின் தோற்றத்தை நன்றாகக் காப்பாற்றும் என்பதால் அறிக்கைகளில் வைக்கும் சிறிய வரைபடங்களுக்கு நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் உச்சங்கள் ஒன்றுகூட விடுபடக் கூடாத கண்காணிப்புத் திரைக்கு, சிறியது பெரியது என்ற எளிய முறையே நம்பகமானது.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு முறை ஜூம் செய்யும்போதும் எட்டரைக் கோடியையும் படித்துச் சிறியது பெரியது கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் 16.7 மில்லி விநாடி போதாது. அதற்காகச் சுருக்கங்களை முன்கூட்டியே அடுக்கி வைக்கிறோம். 64 பதிவுகளுக்கு ஒரு சிறியது, ஒரு பெரியது; இது முதல் அடுக்கு, 13,50,000 கட்டங்கள். அந்தக் கட்டங்களை மறுபடி 64 64 ஆகச் சேர்த்தால் இரண்டாம் அடுக்கு, 21,094 கட்டங்கள். இரண்டு அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 11 எம்பி. மூலத் தரவில் நூற்றுக்கு மூன்று பங்குதான்.

இப்போது பயனர் முழு நாளைப் பார்த்தால் இரண்டாம் அடுக்கைப் படியுங்கள்: 21,094 கட்டங்கள். ஒரு மணி நேரத்தைப் பார்த்தால் முதல் அடுக்கு: 56,250 கட்டங்கள். ஒரு நிமிடத்துக்குப் போனால் நேராக மூலத் தரவு: 60,000 பதிவுகள். எங்கே ஜூம் செய்தாலும் 1,23,000க்கு மேல் படிக்க வேண்டியதில்லை. தரவு பத்து நாளுக்கு நீண்டால் இன்னொரு அடுக்கைச் சேர்த்துக்கொண்டால் போதும், அந்த எண்ணிக்கை கூடாது. கட்டத்தின் எல்லையும் பிக்சலின் எல்லையும் சரியாகப் பொருந்தாத இடத்தில் மட்டும் ஓரத்துப் பதிவுகளைக் கீழ் அடுக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடாக இல்லாமல் சிதறிக் கிடக்கும் புள்ளிகள் என்றால் வழி வேறு. திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண்ணியை வைத்து, எத்தனை புள்ளிகள் அதில் விழுகின்றன என்று எண்ணி, எண்ணிக்கையை நிறமாக மாற்றுங்கள். புள்ளிகள் ஒரு கோடியோ நூறு கோடியோ, முழுத் திரைக்கான எண்ணிகளுக்கு 8.3 எம்பிதான் ஆகும். பைத்தானில் டேட்டாஷேடர் இந்த வேலையைத்தான் செய்கிறது. நிறத்துக்கு நேர்விகித அளவை வேண்டாம். ஒரு பிக்சலில் 50,000 புள்ளிகளும் இன்னொன்றில் 3 புள்ளிகளும் இருந்தால் அந்த மூன்று கண்ணில் படாது. மடக்கை (லாக்) அளவை போட்டால் இரண்டும் தெரியும்.

எல்லைக்கோடு, ஆற்றின் போக்கு போன்ற நீண்ட கோடுகளுக்கு 1973இல் வந்த டக்ளஸ்–பியூக்கர் முறை இன்றும் போதுமானது. அனுமதிக்கும் விலகலை அரைப் பிக்சல் அளவுக்கு வைத்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஒட்டியிருக்கும் இரண்டு பகுதிகளின் பொது எல்லையை மட்டும் தனித்தனியே சுருக்காதீர்கள், நடுவே இடுக்கு விழும்.

படி 4: திரைக்கு வெளியே இருப்பதைத் தொடாதீர்கள்

ஜூம் செய்து ஒரு மூலையைப் பார்க்கும்போது மற்ற இடங்களின் தரவை வரையக் கூடாது என்பது வெளிப்படை. அதைவிட முக்கியம், வரைய வேண்டுமா என்று ஒவ்வொரு புள்ளியையும் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடாது என்பது. நேர வரிசையில் அடுக்கிய தரவில் பைனரி தேடல் போதும், 8.64 கோடியில் ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க 27 ஒப்பீடுகள். இரு பரிமாணத்தில், பரப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தேட உதவும் குவாட் ட்ரீ அல்லது ஆர் ட்ரீ வேண்டும்.

நிலவரைபடம் போல எல்லாத் திசையிலும் நகரும் படத்துக்கு டைல்கள் வசதி. உலகம் முழுவதையும் 256 பிக்சல் சதுரங்களாக வெட்டினால் பத்தாவது ஜூம் மட்டத்தில் 10,48,576 டைல்கள் இருக்கும். ஆனால் நம் திரையை ஒரே நேரத்தில் தொடக்கூடியவை அதிகபட்சம் 54. அவற்றை மட்டும் ஏற்றி, பார்த்து முடித்தவற்றைக் கொஞ்ச நேரம் மெமரியில் வைத்திருந்தால் போதும்.

லேசர் ஸ்கேனர் தரும் முப்பரிமாணப் புள்ளித் திரளுக்கும் இதே எண்ணம்தான், ஆக்ட்ரீ என்ற எட்டுக் கிளை மரத்தில். மேல் கணுவில் மொத்தத் திரளையும் பிரதிநிதித்துவம் செய்யும் சொற்பப் புள்ளிகள். கீழே போகப் போக அடர்த்தி. தூரத்தில் உள்ளதற்கு மேல் கணுவோடு நிறுத்திக்கொள்ளலாம், அருகில் வந்தால்தான் கீழே இறங்க வேண்டும். பிரவுசரிலேயே இதைச் செய்யும் பொட்ரீ என்ற கட்டற்ற மென்பொருளை ஒரு முறை திறந்து பாருங்கள். நகரும்போது புள்ளிகள் அடர்ந்து வருவதைக் கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

படி 5: மிச்சமிருப்பதை ஜிபியூவிடம் ஒழுங்காகக் கொடுங்கள்

பிரவுசரில் வரையும் வழிகளில் ஒன்றான எஸ்விஜியில் ஒவ்வொரு வட்டமும் பக்கத்தின் ஓர் உறுப்பு. சில ஆயிரம் வரை அது வரம்: கிளிக் செய்வதும் ஸ்டைல் மாற்றுவதும் சும்மா கிடைக்கும். அதற்கு மேல் பிக்சல்களாக வரையும் கேன்வாஸ், இன்னும் மேலே ஜிபியூவை நேரடியாகப் பயன்படுத்தும் வெப்ஜிஎல் அல்லது வெப்ஜிபியூ. கேன்வாஸில் ஒவ்வொரு கோட்டுத் துண்டுக்கும் தனியாக ஸ்ட்ரோக் சொல்லாமல், ஒரே பாதையில் நிறையத் துண்டுகளைச் சேர்த்துவிட்டு ஒரு முறை சொல்லுங்கள். நிறத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தால் நிறவாரியாகப் பிரித்து வரையுங்கள். ஒன்றிரண்டு பிக்சல் புள்ளிக்கு வட்டம் தேவையில்லை, சதுரம் போதும்.

ஜிபியூவில் புதியவர்கள் செய்யும் முதல் தவறு, ஒரு பொருளுக்கு ஒரு வரைதல் கட்டளை அனுப்புவது. லட்சம் கடிதங்களுக்கு லட்சம் தபால்காரர்களை அனுப்புவது போன்ற வேலை இது. ஜிபியூ சும்மா உட்கார்ந்திருக்க, சிபியூ மூச்சு வாங்கும். ஒரே வகைப் பொருள்களை ஒரே பஃபரில் (ஜிபியூ படிக்கும் மெமரிப் பகுதியில்) சேர்த்து ஒரே கட்டளையில் அனுப்புங்கள். ஒரே வடிவம் பல இடங்களில் வருகிறது என்றால் இன்ஸ்டன்சிங் இருக்கிறது: வடிவம் ஒரு முறை, இடமும் நிறமும் மட்டும் பட்டியலாக. வெப்ஜிஎல் 2இல் இது உள்ளேயே வருகிறது.

இரண்டாவது தவறு, ஒவ்வொரு ஃபிரேமிலும் தரவைத் திரும்ப அனுப்புவது. நம் 345.6 எம்பியைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0இன் 16 பாதை இணைப்பில், அதன் ஏட்டு வேகமான விநாடிக்குச் சுமார் 16 ஜிபியிலேயே அனுப்பினாலும் 22 மில்லி விநாடி ஆகும். ஒன்றும் வரையாமலேயே ஃபிரேமின் நேரம் தீர்ந்துவிட்டது. தரவை ஒரு முறை அனுப்பி அங்கேயே விட்டுவிடுங்கள். நகர்த்தும்போதும் ஜூம் செய்யும்போதும் மாறுவது இடத்தையும் அளவையும் குறிக்கும் ஒரு மேட்ரிக்ஸ் (எண் அட்டவணை) மட்டும்தான்; அதை மட்டும் ஜிபியூவில் ஓடும் சிறு நிரலான ஷேடருக்குக் கொடுங்கள். புதிய பதிவுகள் வந்துகொண்டே இருந்தால் முன்கூட்டியே பெரிய பஃபர் ஒன்றை ஒதுக்கி, புதிய பகுதியை மட்டும் அதில் எழுதுங்கள்.

முதல் படியின் சோதனையில் பிக்சல் நிரப்புவதுதான் சுமை என்று வந்தவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒளி ஊடுருவும் புள்ளிகள். ஒன்றன்மேல் ஒன்றாக நூறு புள்ளி விழுந்தால் அதே பிக்சல் நூறு முறை கணக்கிடப்படும். அங்கே எண்ணிக்கை முறைக்கு மாறிவிடுவது மேல். இன்னொன்று, திரையின் பிக்சல் விகிதம் (பக்கத்தின் ஒரு பிக்சல் நீளத்துக்குத் திரையில் எத்தனை பிக்சல் என்பது). அது 2 என்றால் நான்கு மடங்கு பிக்சல்களை நிரப்புகிறீர்கள். நகரும்போது மட்டும் அதை 1 ஆக்கிவிட்டு, நின்றதும் 2க்குத் திரும்பினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பழைய வெப்ஜிஎல் 1 குறியீட்டைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் நீட்சியை (எக்ஸ்டென்ஷனை) சேர்க்காவிட்டால், உச்சிகளை (உருவத்தின் மூலைப் புள்ளிகளை) எண்ணால் சுட்டும் இண்டெக்ஸ் 16 பிட்தான், 65,536 உச்சிகளுக்கு மேல் சுட்ட முடியாது. சிறிய தரவில் சரியாக வந்த உருவம் பெரிய தரவில் சிலந்தி வலையாகச் சிதறினால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 6: கை அசையும்போது திரையும் அசையட்டும்

மவுஸ் நிகழ்வுகள் ஃபிரேம்களைவிட வேகமாக வரக்கூடும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் வரையாமல், கடைசி நிலையைக் குறித்துவைத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன் பிரவுசர் நம் நிரலை அழைக்கும் வசதியான ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் அழைக்கும்போது ஒரு முறை வரையுங்கள். கோப்பைப் படிப்பது, அடுக்குகளைக் கட்டுவது போன்ற கனமான வேலைகள், பின்னணியில் தனியாக ஓடும் வெப் வொர்க்கருக்குப் போகட்டும். ஆர்ரேயை நகலெடுக்காமல் உரிமையை மாற்றி அனுப்பும் வசதி அதில் உண்டு. இழுத்துக்கொண்டிருக்கும்போது மேல் அடுக்கின் கரடுமுரடான படம், விட்டதும் முழுமையான படம் என்று பிரித்துக்கொண்டால் பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

மவுஸுக்குக் கீழே உள்ள மதிப்பைக் காட்டும் குறுக்குக் கோட்டைத் தனியாக ஒரு கேன்வாஸில் மேலே வையுங்கள். அது நகர்வதற்காகக் கீழே உள்ள லட்சம் கோடுகளை மறுபடி வரைய வேண்டியதில்லை. எந்தப் புள்ளி என்று கண்டுபிடிக்க, படி 4இல் கட்டிய தேடல் அமைப்பே பெரும்பாலும் போதும். சிக்கலான உருவங்களுக்கு ஒவ்வொன்றையும் தனி நிறத்தில் மறைவாக வரைந்து, மவுஸ் இருக்கும் பிக்சலின் நிறத்தைப் படிப்பார்கள். 24 பிட் நிறத்தில் 1,67,77,216 நிறங்கள் உண்டு, ஒன்றைப் பின்னணிக்கு விட்டுவிடலாம். அந்தப் பிக்சலைப் படிக்கும்போது ஜிபியூ முடிக்கும்வரை சிபியூ காத்திருக்கும் என்பதால், ஒவ்வொரு அசைவுக்கும் இதைச் செய்யாதீர்கள்.

அசையாத படம் மட்டும் வேண்டுமென்றால் இந்தப் படியே தேவையில்லை. பைத்தானின் வரைபட லைப்ரரியான மேட்பிளாட்லிப்பில் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு, ஒரே நிறம் என்றால் ஸ்கேட்டருக்குப் பதில் பிளாட் கட்டளையைப் பயன்படுத்துங்கள், அதுவே வேகம். பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது புள்ளிகளை மட்டும் ராஸ்டராக (பிக்சல் படமாக) மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் தப்பித்த சுமையை உங்கள் அறிக்கையைத் திறப்பவர் சுமப்பார்.

படி 7: படம் சரியாகத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்

ஒரு கோடி பூஜ்யங்கள் கொண்ட போலித் தரவை உருவாக்கி, நடுவில் எங்காவது ஒரே ஒரு பதிவுக்கு 1 என்ற மதிப்பைக் கொடுங்கள். முழு நீளத்திலிருந்து ஒவ்வொரு ஜூம் மட்டமாக இறங்கும்போது அந்த ஒற்றைக் கோடு எல்லா மட்டத்திலும், ஒரே இடத்தில் தெரிய வேண்டும். மறைந்தால் குறைக்கும் முறையில் பிழை. பக்கவாட்டில் குதித்தால் ஃப்ளோட் துல்லியத்தையும் அடுக்கு எல்லைகளையும் பாருங்கள். அதே பதிவை ஒரு கட்டத்தின் கடைசி இடத்திலும் அடுத்த கட்டத்தின் முதல் இடத்திலும் வைத்து இன்னும் இரண்டு முறை ஓட்டுங்கள். பிறகு, முழுத் தரவையும் எந்தக் குறைப்பும் இல்லாமல் ஒரு முறை பொறுமையாக வரைந்து படமாகச் சேமித்து, குறைத்து வரைந்த படத்தோடு பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிடுங்கள். இந்தச் சோதனைகளைத் தானியங்கிச் சோதனைகளில் சேர்த்துவிட்டால், யாராவது வேகத்துக்காக அடுத்த முறை கை வைக்கும்போது உச்சம் ஒன்று காணாமல் போனால் அன்றே தெரிந்துவிடும்.